சோளகத்துக்கு ஓர் இடமாற்றக் கட்டளை

நெடுந்தீவில் வேலை பார்க்கும் உத்தியோகத்தரின் உடம்பை வேளைக்குக் கரைசேர்க்கும் வழி அரசாங்கத்துக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆகவே அவருடைய மனத்தைக் கரைசேர்க்கும் பொறுப்பை அது எடுத்துக்கொள்ளப் போகிறது. கொழும்பில் இப்போது எந்த மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றினாலும் ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற சொல்லும் திரியோடு சேர்ந்து எரிகிறது. டிஜிட்டல் பொருளாதாரத்துக்கென்று ஓர் அமைச்சு இருக்கிறது. 2030 இல் அந்தப் பொருளாதாரம் 1,500 கோடி டொலரைத் தொடும் என்று கணக்கும் இருக்கிறது. இனி மிச்சம் ‘பணியாளர் நலன்’. வெளிநாடுகளில் ‘செயற்கை நுண்ணறிவு’, ‘பணியாளர் நலன்’ என்ற இரண்டு சொல்லும் சோடி சேர்ந்த இடங்களில் பிறந்த பிள்ளையை நாங்கள் பார்த்திருக்கிறோம்: நீ சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்டபடி உன் முகத்துக்கு நேரே ஒரு கமரா.

தீவுப்பகுதிக்கு அந்தச் சுற்றுநிருபம் இன்னும் வரவில்லை. அவசரத்தில் எழுதிப் பிழைவிடக் கூடாதே என்று நானே ஒரு வரைவு போட்டு வைத்திருக்கிறேன். விரும்பிய திணைக்களம் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கடிதத் தலைப்பை மட்டும் மாற்றினால் போதும்.

“விடயம்: தீவுப் பிரதேசங்களில் கடமையாற்றும் உத்தியோகத்தர்களின் மகிழ்ச்சியை உறுதிப்படுத்தல்.

01. மேற்படி விடயம் தொடர்பில் தங்களது கவனம் ஈர்க்கப்படுகின்றது.

02. சகல உத்தியோகத்தர்களும் மு.ப. 7.30 மணிக்கு முன்னர் கருவியின் முன்னால் நின்று தமது மகிழ்ச்சியைப் பதிவுசெய்தல் வேண்டும். 7.31 இலிருந்து பதியப்படும் மகிழ்ச்சி அரைநாள் லீவாகக் கணிக்கப்படும்.

03. தொடர்ச்சியாக மூன்று நாட்கள் துக்கமாகக் காணப்படும் உத்தியோகத்தர், துக்கத்துக்கான காரணத்தை உரிய படிவத்தில் மூன்று பிரதிகளாக, மேலதிகாரியின் சிபாரிசுடன் சமர்ப்பித்தல் வேண்டும். துக்கத்துக்கு மேலதிகாரியே காரணமாயினும் சிபாரிசு அவசியமாகும்.

04. கடல் கொந்தளிப்பு, படகுப் பழுது, குடிநீர், தங்குமிடம், கொடுப்பனவு நிலுவை என்பன உளநலக் காரணிகளாகக் கருதப்படமாட்டா. அவை வேறு திணைக்களங்களுக்கு உரியவை.

05. வலையமைப்புக் கிடைக்காத சந்தர்ப்பங்களில் உத்தியோகத்தர்கள் இறங்குதுறைவரை சென்று மகிழ்தல் வேண்டும்.”

நாலாவது பந்தியைக் கவனித்தீர்களா? சுற்றுநிருபத்தின் உயிர் அதில்தான் கிடக்கிறது. மற்ற நாலும் அதற்கு உடுத்திய வேட்டி.

குறிகட்டுவான் துறையில் ஒரு வேலைநாள் காலையில் நின்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் விடியுமுன் பஸ் ஏறி, பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை, வாணர் தாம்போதி, புங்குடுதீவு என்று குலுங்கி வந்து சேர்ந்த சனம். ஆசிரியைகள், தாதிமார், கிராம அலுவலர், வங்கிக்காரர், தபால்காரர். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு பை. ஒன்றில் சோற்றுப் பார்சல், மற்றதில் மாற்றுடுப்பு. கைத்தொலைபேசியைச் சொப்பிங் பையில் சுற்றி, அதன்மேல் இன்னொரு சொப்பிங் பை போட்டு முடிந்திருப்பார்கள். நயினாதீவுக்குப் போகிறவர்களுக்குக் கால்மணித்தியாலக் கடல். நெடுந்தீவுக்காரருக்கு ஒரு மணித்தியாலம், அதுவும் கடலும் சோளகக் காற்றும் மனம் வைத்தால். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று பேருக்குக் குறைவில்லை. ஒன்று ஓடினால் ஒன்று திருத்தத்துக்குப் போயிருக்கும். படகின் கீழ்த்தட்டில் டீசல் மணம். மேலே இருந்தால் உப்புக் குளிப்பு, கீழே இருந்தால் சத்தி. இரண்டில் எது என்று தெரிவுசெய்யும் சுதந்திரம் மட்டும் இன்றுவரை எவராலும் பறிக்கப்படவில்லை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடுகிற பாதைப் படகுக்கும் இதே சாதகம்தான். அது பழுதானால் கண்ணுக்கு முன்னே தெரிகிற அக்கரைக்குத் தீவைச் சுற்றி யாழ்ப்பாணம் போய் வரவேண்டும்.

இப்படி வந்திறங்கிய ஆசிரியை நனைந்த சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குள் நுழைகிறா. முந்திய காலமென்றால் கையொப்பப் புத்தகத்தில் அதிபர் சிவப்புக் கோடு போட்டிருப்பார். ஆனால் அதிபருக்கும் கண் இருந்தது. யன்னலால் கடலைப் பார்ப்பார், கோட்டைப் பத்து நிமிஷம் பிந்திப் போடுவார். கைரேகை இயந்திரத்துக்கு யன்னல் இல்லை. ஒரு மணித்தியாலம் உப்புத் தண்ணியில் ஊறிச் சுருங்கிய பெருவிரலை அதன்மேல் வைத்தால் “மீண்டும் முயல்க” என்கிறது. சேலையில் துடைத்து வைக்கிறா, சேலையும் ஈரம். மூன்றாம் முறை பக்கத்தில் நிற்கிறவரின் கைலேஞ்சியை வாங்கித் துடைத்து வைக்க, நன்றி சொல்கிறது. நேரம் 8.10. இந்த முகத்தைத்தான் அடுத்த கருவி படம் பிடித்து, ‘ஊக்கக் குறைவு’ என்று கொழும்புக்கு எழுதப் போகிறது.

ஒரு வருடம் கழித்து அறிக்கை வரும். வழவழத்த தாள், முன்பக்கத்தில் நெடுந்தீவுக் குதிரை. அதில் செயற்கை நுண்ணறிவு தன் மகா கண்டுபிடிப்பை வெளியிடும்: தீவுப்பகுதி உத்தியோகத்தர்களின் மகிழ்ச்சி மே மாதத்தில் சரியத் தொடங்கி செப்டெம்பர்வரை எழும்பவில்லை. காரணம் கேட்ட கலந்துரையாடல்களில் எல்லாரும் ஒரே பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். திரு. சோளகம். இவர் எந்தத் திணைக்களம் என்று தெரியவில்லை. வருஷா வருஷம் மே மாதம் வருகிறார், புரட்டாதியோடு போகிறார், விடுமுறை விண்ணப்பம் எதுவும் கோவையில் இல்லை. இவருடைய நடத்தையால் சக உத்தியோகத்தர்கள் வாந்தி எடுக்குமளவுக்குப் பாதிக்கப்பட்டுள்ளனர். சிபாரிசு: திரு. சோளகத்தை உடனடியாக வேறு மாவட்டத்துக்கு இடமாற்றம் செய்தல். அவருடைய வெற்றிடத்துக்குத் திரு. வாடை என்பவர் ஐப்பசி முதல் தயாராக இருப்பதாக அறியப்படுகிறது.

சிரிக்கலாம். ஆனால் இடமாற்றம் என்ற சொல்லுக்குத் தீவில் எவரும் சிரிப்பதில்லை. வடக்கில் ஒரு உத்தியோகத்தரை வெருட்ட வேண்டுமானால் மேலதிகாரி கத்தத் தேவையில்லை. “தீவுக்குப் போட்டுவிடுவன்” என்றால் போதும். களவெடுத்தவன், கேள்வி கேட்டவன், அமைச்சரின் ஆளுக்கு எழும்பி நிற்காதவன், எல்லாருக்கும் ஒரே நீதி, ஒரே படகு. தலைமுறை தலைமுறையாக அங்கே வேலி கட்டி, பனை நட்டு, பிள்ளை பெற்று வாழ்கிற சனத்துக்கு நெடுந்தீவு ஊர். திணைக்களத்துக்கு அது தண்டனை. அந்த ஊர்ப் பிள்ளைக்குக் கணிதம் படிப்பிக்க அனுப்பப்படுகிறவர் தண்டனை பெற்றவர், காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க அனுப்பப்படுகிறவர் நாள் எண்ணிக்கொண்டிருப்பவர். ‘அதிகஷ்டப் பிரதேசம்’ என்று ஒரு முத்திரை இருக்கிறது. கொடுப்பனவுக்காக ஆசிரியரும், பட்டியலுக்காக அமைச்சும் அதை மாறி மாறி உச்சரிப்பார்கள். கஷ்டத்தைக் குறைப்பதற்கு அந்த முத்திரையை எவராவது பயன்படுத்தியதை நான் காணவில்லை. கஷ்டம் குறைந்தால் முத்திரை போய்விடும், முத்திரை போனால் கொடுப்பனவு போய்விடும். எல்லாரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள்.

இப்போது அந்தச் சனத்தின் நடுவில் மகிழ்ச்சிக் கருவி.

இந்தச் சரக்கு எங்கே விளைந்தது என்று பார்ப்போம். பீஜிங்கில் கனன் நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் ஒரு கமரா பூட்டினார்கள் என்று 2021 இல் செய்தி வந்தது. சிரித்தால்தான் கதவு திறக்கும், சிரித்தால்தான் கூட்டத்துக்கு அறை கிடைக்கும். அதே ஆண்டு மே மாதம் அமேசன், களஞ்சியத்தில் ஓடி ஓடிப் பொதி கட்டுகிறவர்களுக்காக ஒரு பெட்டியைக் காட்டியது. சவப்பெட்டியை நிமிர்த்தி வைத்த அளவு. உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, திரையைப் பார்த்துத் தியானம் செய்யலாம். உலகமே கைகொட்டிச் சிரித்ததும் அந்த விளம்பரக் காணொளியை ஓசைப்படாமல் எடுத்துவிட்டார்கள். முகத்தைப் பார்த்து மனத்தைச் சொல்லலாம் என்ற விஞ்ஞானம் எவ்வளவு பலம் என்பதற்கு, 2019 இல் லீசா ஃபெல்ட்மன் பரெட்டும் அவரோடு சேர்ந்த உளவியலாளரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து எழுதியதே சாட்சி. முகச்சுளிப்பை வைத்துக் கோபம் என்றோ, பல்லை வைத்து மகிழ்ச்சி என்றோ நம்பகமாகச் சொல்ல முடியாது என்றார்கள். 2022 இல் மைக்ரோசொஃப்ட் தன் முகமறி சேவையிலிருந்து உணர்ச்சி கண்டுபிடிக்கும் பகுதியைக் கைவிட்டது. 2025 பெப்ரவரி 2 முதல், வேலைத்தலத்திலும் பள்ளிக்கூடத்திலும் மனிதரின் உணர்ச்சியை இயந்திரம் கொண்டு ஊகிப்பதை, மருத்துவம் பாதுகாப்பு தவிர்ந்த தேவைகளுக்கு, ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தால் தடுத்துவிட்டது. ஐரோப்பாவில் விற்க முடியாமற் போன சாமான் பிறகு எந்தத் துறைமுகத்தில் இறங்கும் என்று கொழும்பில் இருக்கிறவருக்குச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்?

கமரா வேண்டாம், மென்மையான செயலி போதும் என்பார் அடுத்த ஆலோசகர். மூச்சை இழு, மூச்சை விடு, நன்றியுணர்வுக் குறிப்பு எழுது. ஒக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர் வில்லியம் பிளெமிங் பிரித்தானியாவின் 233 நிறுவனங்களில் 46,336 பணியாளர்களின் விபரங்களை எடுத்து 2024 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நலச் செயலி, தியானப் பயிற்சி, மனவுறுதி வகுப்பு எல்லாம் பெற்றவர்களும் பெறாதவர்களும் நலத்தில் ஒரே நிலைதான். தொண்டு வேலைக்குப் போனவர்கள் மட்டும் கொஞ்சம் மேல். வேலையைத் திருத்தாமல் வேலைக்காரனைத் திருத்தப் போனால் இதுதான் மிச்சம் என்று அதற்குப் பொருள். குறிகட்டுவானில் படகுக்குக் காத்து நிற்கிற எந்தத் தாதியும் 46,336 பேரை விசாரிக்காமலே இதைச் சொல்லியிருப்பா.

திணைக்களத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதையும் பேசத்தான் வேண்டும். கையெழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த படகில் திரும்பி வருகிற மகாராசர்கள் இருக்கிறார்கள். வெள்ளி மத்தியானத்தோடு மறைந்து செவ்வாய் காலை முளைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் நட்டப்படுகிறது தீவுப் பிள்ளைதான், கொழும்பு அல்ல. ஆகவே வரவைப் பதியாதே என்று நான் கேட்கவில்லை. 2025 ஆகஸ்ட் 17 பின்னேரம் நாடு முழுவதும் தபால் ஊழியர்கள் கைரேகை இயந்திரத்தையும் மேலதிக நேரக் கொடுப்பனவு விஷயத்தையும் முன்வைத்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 24 ஆம் திகதி திரும்பினார்கள். ஒரு வாரம் கடிதம் அசையவில்லை. கைரேகையில் அரசு இறங்கிவரவில்லை. சோம்பேறிகளின் கலகம் என்று சொன்னவர்களும் உண்டு. பாதி உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எட்டு மணிக்கு விரல் வைக்கச் சொல்லுகிற அரசு, நேரத்துக்குப் படகு விடுவதற்கு எவருடைய விரலையும் எந்த இயந்திரத்திலும் வைக்கச் சொல்லவில்லை. படகு பிந்தினால் யாருக்குச் சிவப்புக் கோடு? திருத்தத்துக்குப் போன படகு மாதக்கணக்கில் வராவிட்டால் யாருடைய சம்பளத்தில் அரைநாள் வெட்டு?

அக்கரையில் தமிழ்நாட்டிலும் இந்த நாடகத்தின் ஒரு காட்சி ஓடியிருக்கிறது. கிராமத்து வேலைத்திட்டமான நூறுநாள் வேலைக்குப் போகிற கிழவிகளை ஒரு நாளில் இரண்டு முறை வரிசையில் நிறுத்தி, இடக்குறியோடு படம் எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்று 2023 ஜனவரி முதல் இந்திய அரசு கட்டாயமாக்கியது. சிக்னல் இல்லையென்றால் செய்த வேலை கணக்கில் ஏறாமற் போகலாம். கள்ளத்தைப் பிடிக்க வந்த கருவி அது. 2025 யூலையில் அமைச்சே மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், படத்தைப் படம் பிடித்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள் என்று முறைப்பட்டது. கள்ளன் ஒரே வாரத்தில் கருவியைப் படித்துவிட்டான். வெயிலில் நிற்பது கிழவி.

நெடுந்தீவில் இந்த மகிழ்ச்சிக் கருவிக்கு மின்சாரம் வேண்டும். அதன் கதையைக் கேளுங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் பிரதான மின்கம்பியோடு தொடுக்கப்படாதவை. டீசல் இயந்திரத்தின் தயவில் விளக்கெரித்து வந்தவை. காற்றும் சூரியனும் கொண்டு மின்சாரம் எடுக்கும் திட்டத்தை 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். தன் கரைக்கு இவ்வளவு கிட்டச் சீனனா என்று இந்தியா துள்ளியது. டிசெம்பரில் ‘மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை’ என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு சீனா விலகியது. 2024 மார்ச் 1 ஆம் திகதி, 1 கோடியே 10 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையில், ஓர் இந்திய நிறுவனத்தோடு ஒப்பந்தம் எழுதினார்கள். ஒரு பேனா காகிதத்தைத் தொட மூன்று வருடத்துக்கு மேல். இரண்டு வல்லரசுகளின் பாதுகாப்புக் கவலையும் கேட்கப்பட்டது. இரவில் பிரசவ நோ எடுத்தவளை ஏற்றிப் போகக் கடற்படைப் படகைக் கேட்டு நிற்கிற மருத்துவமாதுவிடம் உனக்கு என்ன கவலை பிள்ளை என்று எந்தத் தூதரகம் கேட்டது?

இனிக் கருவி கேட்கும். ஒன்று முதல் பத்துவரை.

அது கேட்க ஒரு விஷயம் இருக்கிறது. ஐம்பது அறுபது வயது தாண்டிய நெடுந்தீவார் சிலர், மே மாதத்தில் படகு நடுக்கடலைத் தொடும்போது கதையை நிறுத்திவிடுவார்கள். 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, உள்ளே இருந்தவர்களை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். முப்பதுக்கு மேற்பட்ட சனம், கைக்குழந்தை உட்பட. வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. நெடுந்தீவு மாவிலித்துறையில் ஒவ்வொரு வருடமும் விளக்கு வைக்கிறார்கள். இந்த முகங்களைக் கருவி எந்தப் பெட்டிக்குள் போடும்? ‘சோர்வு’ என்றா, ‘ஈடுபாடின்மை’ என்றா? “ஆழமாக மூச்சை இழுத்து விடுங்கள், உங்களுக்கு மகிழ்ச்சி தந்த ஒரு படகுப் பயணத்தை நினைத்துப் பாருங்கள்” என்று ஆலோசனை சொல்லுமா? சொல்லும். அதற்கு வெட்கம் தெரியாது. அதை வாங்கிப் பூட்டுகிறவருக்காவது தெரிய வேண்டும்.

பதிந்த துக்கமெல்லாம் எங்கே போகும் என்று கேட்டால், பயப்படாதீர்கள், சட்டம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கம். அதன் பிரதான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்தன, வருவதற்குள் ஒத்திவைத்தார்கள். சட்டத்துக்கு ஆயத்தமாக நேரம் போதவில்லையாம். ஆசிரியை நாற்பது நிமிஷம் பிந்தினால் அரைநாள், சட்டம் வருடக்கணக்கில் பிந்தினால் திருத்தச் சட்டமூலம். உங்கள் கவலை பத்தில் எட்டு என்று நீங்கள் தட்டிய இலக்கம் இடமாற்றச் சபையின் மேசைக்குப் போகாது என்று எவர் கையெழுத்திட்டுத் தருவார்? ‘மனவுறுதி குறைந்தவர்’ என்று ஒரு கோவையில் ஏறிவிட்டால், பதவியுயர்வு நேர்முகத்தில் அது எழும்பி உட்கார்ந்துகொள்ளும். பதவியுயர்வு வேண்டுமென்றால் சிரிக்க வேண்டும். அதிகமாகச் சிரித்தாலும் ஆபத்து. “இவர் அங்கே மகிழ்ச்சியாக இருக்கிறார், இன்னும் ஐந்து வருடம் இருக்கட்டும்” என்று தீவிலேயே வைத்துவிடுவார்கள். ஆகவே தீவு உத்தியோகத்தர்கள் ஆறு புள்ளிக்கும் ஏழு புள்ளிக்கும் நடுவில் நிற்கும் ஒரு சிரிப்பைப் பழகிக்கொள்வார்கள். கொழும்பு அதை ‘நிலையான முன்னேற்றம்’ என்று வரைபடம் போடும்.

நலன் என்றால் என்ன என்பதை இந்தச் சனம் எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டது. எழுதிய மனுக்களை அடுக்கினால் குறிகட்டுவான் துறைக்கு இன்னொரு மேடை கட்டலாம். நேரத்துக்கு ஓடும் ஒரு படகும், அது பழுதானால் ஓட இன்னொன்றும். தங்கிநின்று வேலை செய்ய ஒழுகாத விடுதி. குடிக்கிற தண்ணி. பெண்களுக்குத் துறையில் கதவு பூட்டக்கூடிய ஒரு கழிப்பறை. இரவில் நோயாளியை ஏற்ற ஒரு படகு, கெஞ்சாமல் கிடைப்பது. படகோட்டிகளுக்கும் கயிறு பிடிக்கிறவர்களுக்கும் ஓய்வு நாள், ஏனென்றால் ‘பணியாளர் நலன்’ பட்டியலில் அவர்கள் பெயரை நான் ஒருநாளும் கண்டதில்லை. இதைப் புரிந்துகொள்ள நுண்ணறிவு எதுவும் தேவையில்லை, வாசிக்கத் தெரிந்தால் போதும்.

அப்படியும் கருவி வாங்கித்தான் தீருவோம் என்றால், விலைமனுக் கோரலில் ஒரு நிபந்தனையை மட்டும் சேருங்கள். பரீட்சார்த்தக் காலம் மே முதல் செப்டெம்பர்வரை. கருவியை விற்கிறவரும், சிபாரிசு செய்த ஆலோசகரும், ஒப்பமிட்ட செயலாளரும் யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்து, ஒவ்வொரு வேலைநாளும் விடியுமுன் பஸ் ஏறி, குறிகட்டுவானில் எல்லாரோடும் வரிசையில் நின்று, அதே படகில் நெடுந்தீவுக்கு வந்து, 7.30 க்கு முன் அதே கருவியின் முன்னால் நனைந்த முகத்தோடு சிரிக்க வேண்டும். மூவரில் ஒருவருடைய மகிழ்ச்சி ஏழு புள்ளிக்குக் கீழே இறங்கினாலும் கொடுப்பனவு இல்லை. சத்திப் பை எங்கள் செலவு.